இறக்கிய வண்டி

"மாமா, வண்டி இறக்கியிருக்கேன், பொங்கலுக்கு அதுலதான் வர்றேன்" என்று கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை மகன் தொலைபேசியில் சொன்னபோது, நம் பக்கத்துப் பேச்சு வழக்கில் அந்த வார்த்தைக்கு உள்ள ஒரே அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, பையன் புதுக் கார் வாங்கிவிட்டான் என்று நான் தெரு முழுவதும் பிரகடனம் செய்துவிட, என் மனைவியும் வாசலை அகலமாகத் தெளித்துக் கோலமிட்டு, நான்கு சக்கரங்களுக்கும் நான்கு எலுமிச்சம்பழமும் ஆரத்தித் தட்டும் தயாராக வைத்துக்கொண்டு ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தாள். வந்து நின்றது, நாங்கள் முன்பே பலமுறை ஏறி இறங்கிய அதே பழைய கார். வந்து நின்றது என்று சொல்வதுகூடச் சரியன்று. தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு ஏறும் சிறு சரிவில் முன் பம்பர் உரசி, பல் கூசும் ஓர் ஓசையை எழுப்பி, கோலத்துக்கு நாலு அடி முன்னதாகவே ஸ்தம்பித்துவிட்டது. "இறக்கியிருக்கேன்னா வாங்கியிருக்கேன்னு இல்ல மாமா, வண்டியோட உயரத்தை இறக்கியிருக்கேன்" என்று அவன் விளக்கியபோது, என் மனைவி ஆரத்தித் தட்டை என்ன செய்வது என்று தெரியாமல், கரைத்த மஞ்சள் நீர் வீணாகக் கூடாதென்று அவனுக்கே சுற்றிப் போட்டாள்.

நாற்பது வருஷ காலம் பஞ்சாலையில் கணக்கு எழுதியவன் நான். எதையும் அளந்து எழுதாமல் நம்புகிற சுபாவம் எனக்கில்லை. ஆகையால் பையன் குளிக்கப் போன சமயத்தில் அடிக்குச்சியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், எழுபது வயதுக்குரிய சிரமங்களோடு தரையில் மண்டியிட்டு அளந்து பார்த்தேன். சாதாரணமாக ஆறு, ஆறரை அங்குலம் இருக்க வேண்டிய இடைவெளி, இந்த வண்டியின் வயிற்றுக்கும் பூமிக்கும் நடுவே மூன்றரை அங்குலமாகச் சுருங்கியிருந்தது. என் அளவை ஊர்ஜிதம் செய்தது எங்கள் வீட்டு நாய். ராஜபாளையம் நாய் என்றால் தூய வெண்மையும், ரோஜா நிற மூக்கும், பொன்னிறக் கண்ணும், எஜமானனைத் தவிர உலகில் யாரையும் லட்சியம் செய்யாத கம்பீரமும் உடைய ஜாதி என்பதும், 2005-ல் அதற்கென்றே இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது என்பதும் வாசகர்கள் அறிந்ததே. அத்தகைய பிரசித்தி பெற்ற பிராணியும் வெயில் ஏறினால் தெருவில் நிற்கும் ஏதாவது ஒரு காரின் அடியில் போய்ப் படுப்பதுதான் வழக்கம். அன்று அது புதிதாக வந்த நிழலை நோக்கி வழக்கம்போல் தலையைக் கொடுத்தது, தலை போகவில்லை. பக்கவாட்டில் முயன்றது, பின்புறமாகச் சுற்றி வந்து முயன்றது. பிறகு, ஒரு காரிடம் இதுவரை கண்டிராத அற்பத்தனத்தைக் கண்டுவிட்ட பார்வையோடு என்னை நோக்கிவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது.

இந்த இறக்கும் வித்தையைப் பற்றி மருமான் எனக்கு ஒரு பிரசங்கமே நிகழ்த்தினான். பந்தயக் கார்கள் தரையோடு தரையாக ஓடுவதற்கு நியாயமான காரணம் உண்டு. வண்டியின் பாரம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வளைவுகளில் சாயாமல் திரும்பும். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், கார்ப் பந்தயத்தில் பேர் பெற்ற கரிவர்தனின் நினைவாகக் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று ஒரு பந்தய மைதானம் இருக்கிறது; அந்த ஊர் இளைஞர்களின் ரத்தத்தில் பெட்ரோல் கலந்திருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். வண்டியை இறக்குவதற்கென்றே கணக்கிட்டுச் செய்த குட்டை ஸ்பிரிங்குகளை வாங்கிப் பூட்டுகிறவர்கள் உத்தமர்கள். சில்லறை குறைவாக இருக்கிறவர்கள், உள்ள ஸ்பிரிங்கிலேயே ஒன்றரைச் சுற்றை அறுத்து எறிந்துவிடுகிறார்கள். என் மருமான் எந்த வகையைச் சேர்ந்தவன் என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அறுத்ததுதான் மாமா, நல்ல மெக்கானிக்குதான் அறுத்தார்" என்றான். ஒன்றை வெட்டியவர் நல்லவர் என்பதனால் வெட்டுப்பட்டது நீளமாகிவிடுமா என்று எனக்குத் தோன்றியது, விருந்தாளியிடம் கேட்கவில்லை.

ஆனால் சட்டத்தை எடுத்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ல் தோன்றிய பென்னிங்டன் நூலகத்தில் பத்திரிகை படிக்கிறவன் என்ற முறையில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒரு வாகனத்தைத் தயாரித்தவர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னதும், அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம் என்று எழுதியிருப்பதும் எனக்கு ஞாபகம் இருந்தன. எனக்கு வந்த சந்தேகம் கணக்குப்பிள்ளையின் சந்தேகம். நான்கு ஸ்பிரிங்குகளையும் அறுத்தது ஒரு மாற்றமா, நான்கு மாற்றங்களா? ஒன்றென்றால் ஐயாயிரம், நான்கென்றால் இருபதாயிரம். இதை நான் மருமானிடம் மிகுந்த அக்கறையோடு விவாதித்தபோது, அவன் "மாமா, நாளைக்கு உங்களையும் அத்தையையும் ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று பேச்சை மாற்றினான். மறுநாள் போகி, மார்கழியின் கடைசி நாள். ஆண்டாளைச் சேவிக்க அதைவிட உத்தமமான தினம் எது? என் மனைவியும் சம்மதித்துவிட்டாள். பழையன கழித்து வீதிதோறும் எரித்துக்கொண்டிருந்த அந்த விடியற்காலையில், எரிக்க வேண்டிய அந்த ஸ்பிரிங்குகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டு நாங்கள் மூவரும் புறப்பட்டோம்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இராது. மதுரையிலிருந்து கொல்லம் போகிற பெருஞ்சாலை அது; பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் இருப்பவரிடம் ஊர் விசாரித்து முடிவதற்குள் வந்துவிடும். ஆனால் மூன்றரை அங்குல வாகனத்தில் தூரத்தைக் கிலோமீட்டரால் அளப்பதில்லை, வேகத்தடையால் அளக்கிறார்கள். வேகத்தடை இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவை 1988-லேயே ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அந்த இலக்கணத்தின்படியே கட்டினாலும் 10 சென்டிமீட்டர் என்பது நாலு அங்குலம். எங்கள் வண்டிக்கு அரை அங்குலம் இடிக்கும். அப்படியிருக்க, விபத்து நடந்த மறுநாள் ராத்திரி ஊரார் கோபத்தோடு போடுகிற வேகத்தடைகளுக்கு இலக்கணமும் இல்லை, அகலமும் இல்லை; வழுக்குப்பாறையில் கோழிமுட்டையைக் கவிழ்த்து வைத்தாற்போல இருக்கும்.

முதல் தடையிலேயே வயிறு தேய்ந்தது. மருமான் வண்டியை நிறுத்திவிட்டு, மிகவும் பணிவாக, "அத்தை, கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?" என்றான். அவள் இறங்கியதும் வண்டி அரை அங்குலம் உயர்ந்தது. நான் இறங்கியதும் கால் அங்குலம்தான் உயர்ந்தது. இந்த வித்தியாசத்தை நான் வாய்விட்டுச் சொன்னது தவறு என்பதை மத்தியானம் வரையில் உணர்ந்துகொண்டே இருந்தேன். வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் முதலில், மறு சக்கரம் பிறகு என்று ஓணான் சுவரில் ஏறுவதுபோல் ஏற்றி, அந்தப் பக்கம் போய் எங்களுக்காகக் காத்திருப்பான். நாங்கள் நடந்து போய் ஏறிக்கொள்வோம். அந்தக் காலத்தில் மேடு வந்தால் மாட்டு வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கி நடப்பதுண்டு; மாட்டின் மேல் இரக்கத்தால் இறங்கினோம். இப்போது நூறு குதிரைகளின் சக்தி உடையது என்று சொல்லப்படும் யந்திரத்தின் மேல் இரக்கப்பட்டு இறங்கினோம். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார்வளாகம் கண்ணில் படுவதற்குள் என் மனைவி பதினான்கு முறை இறங்கி ஏறியிருந்தாள். கடைசியில் யாரும் கேட்காமலேயே, வண்டி சற்று மெதுவானால் கதவைத் திறக்க ஆரம்பித்துவிட்டாள்.

கோயிலில் சேவை நன்றாக நடந்தது. வெளியே வந்து ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் முத்திரையில் விளங்குகிற அந்தக் கோபுரம் பதினொரு நிலைகளோடு 192 அடி உயரம் என்பார்கள். 192 அடியை அங்குலமாக்கினால் 2304. மூன்றரையால் வகுத்தால் 658 சொச்சம். அதாவது எங்கள் வண்டிக்கும் பூமிக்கும் நடுவே உள்ள இடைவெளியை 658 தடவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கலசத்தை எட்டலாம். இதையும் நான் வாய்விட்டே சொன்னேன், கேட்பாரில்லை. என் மனைவி பால்கோவாக் கடைக்குள் போய்விட்டிருந்தாள். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் அறியாத அந்தப் பண்டத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து உறவினர்கள் அதை இன்னும் உரிமையோடு கேட்கிறார்கள். பொங்கலுக்கு வருகிறவர்களையும் வராதவர்களையும் எண்ணி எட்டுக் கிலோ வாங்கிவிட்டாள். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். பால்கோவாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஏற்றினோம்.

ரத வீதியில்தான் சம்பவம் நடந்தது. எதிரே வந்த பால் வண்டிக்கு வழி விடுவதற்காக மருமான் இடது ஓரமாக ஒதுங்க, அங்கே தெருவோரச் சாக்கடையான வாறுகாலை மூடியிருந்த கற்பலகை ஒன்று புரண்டு, முன் சக்கரம் உள்ளே இறங்கி, 'டம்' என்று ஒரு சத்தத்தோடு வண்டி தன் வயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டது. வேறு வண்டியாக இருந்தால் சக்கரம் மட்டும் இறங்கியிருக்கும். அரை மணி நேரத்தில் போயிருப்போம். எங்கள் வண்டியோ கல்லின் விளிம்பு என்ஜின் எண்ணெய்த் தொட்டியைத் தொடும்படி சாய்ந்து, கரிய எண்ணெய் ஒரு நூல்போல் கசிந்து வாறுகாலில் கலக்க ஆரம்பித்தது. "என்ஜினை அணை!" என்று நான் கத்தினேன், எண்ணெய் இல்லாமல் ஓடும் என்ஜின் சில நிமிஷங்களில் தன்னைத்தானே தின்றுவிடும் என்பது பஞ்சாலையில் யந்திரங்களோடு வாழ்ந்த எவனும் அறிந்தது. அணைத்தான். ஆக, வண்டியைத் தூக்கவும் வேண்டும், ஓட்டாமல் ஊருக்குக் கொண்டுபோகவும் வேண்டும்.

தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதை என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அந்தப் பழமொழி பிறந்த வீதி இப்படித்தான் இருக்கும்போலும். ஐந்து நிமிஷத்துக்குள் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள்; ஆளுக்கு ஓர் அபிப்பிராயம். ஒருவர் பம்பரைப் பிடித்து எட்டுப் பேர் தூக்கிவிடலாம் என்றார். எட்டுப் பேரும் பிடித்தார்கள். கார் எழவில்லை, பம்பரின் ஒரு முனை மட்டும் 'டக்' என்று கையோடு வந்தது. காரின் பம்பர் என்பது இந்தக் காலத்தில் முகத்துக்குப் பூசிய பவுடர் மாதிரி, அழகுக்கு இருப்பது என்று அப்போது தெரிந்துகொண்டோம். இன்னொருவர் ஜே.சி.பி. வரவழைக்கட்டுமா என்றார். மூன்றாமவர் கயிற்றைக் கொண்டுவந்து, அடியில் கை விட்டு, அகப்பட்டதில் கட்ட முனைந்தார். அகப்பட்டது ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கிற மெல்லிய தண்டு. அதில் கட்டி இழுத்திருந்தால் கார் வந்திருக்குமோ என்னவோ, சக்கரங்கள் ஒன்றை ஒன்று பார்க்காதபடி கோணிக்கொண்டிருக்கும்.

மருமான் இதற்குள் டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்துவிட்டான். கத்தரிபோல் விரியும் அந்த ஜாக்கியை முழுதும் மடக்கினாலும் ஏறத்தாழ நாலு அங்குலம் இருந்தது. வண்டியின் வலதுபுறம் இடைவெளி மூன்றரை. தன்னுடைய ஜாக்கியே நுழைய முடியாத ஒரு காரில் அவன் கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் பிரயாணம் செய்து வந்திருக்கிறான் என்பது அந்த இடத்தில்தான் அவனுக்கே பிரத்தியட்சமாயிற்று. வழியில் நின்ற லாரிக்காரர் ஒருவர் பரோபகார சிந்தையோடு தம் ஹைட்ராலிக் ஜாக்கியைத் தூக்கி வந்தார். அது ஒரு சாண் உயரம். அவர் ஜாக்கியைக் காரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், காரைப் பார்த்தார், மருமானைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் எதிர்த் திண்ணையில் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். ஆண்டாள் தேர் மரச்சக்கரங்களோடு உருண்ட காலத்தில் அதற்குக் கட்டை போட்டவர் அவர் என்று கூட்டத்தில் ஒருவர் எனக்கு இரகசியமாகச் சொன்னார். ஆடிப்பூரத்தன்று நிலையை விட்டுப் புறப்படும் அந்தத் தேர் இப்போது இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பூட்டிக்கொண்டு அன்றைக்கே வீதி சுற்றி நிலைக்கு வந்துவிடுகிறது; முன்னாளில் திரும்பி வர நாட்கணக்கும் வாரக்கணக்கும் ஆகும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் சக்கரத்தின் அருகே குனிந்து கட்டை கொடுக்கிற சிலருடைய கையில்தான் இருந்தது. தமிழில் முட்டுக்கட்டை போடுவது என்றால் காரியத்தைக் கெடுப்பது என்று அர்த்தம். ரத வீதியில் மட்டும் முட்டுக்கட்டை போட்டால்தான் காரியமே நடக்கும். வெள்ளைக்காரர்கள் தேரைக் 'கார்' என்றும் தேர்த் திருவிழாவைக் 'கார் ஃபெஸ்டிவல்' என்றும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால், அந்த வீதியில் கார் ரிப்பேருக்கு அவரைவிட அனுபவஸ்தர் கிடைக்க மாட்டார்.

அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாறுகால் ஓரமாகக் குனிந்து, நெடுநேரம் வண்டியின் அடியைப் பார்த்தார்.

"இந்த வண்டிக்கு ஜாக்கி வைக்கிற எடம் எது தம்பி?"

மருமான் கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், தகடு இரண்டும் சேர்ந்து விளிம்பாக மடங்கியிருக்கும் இடத்தில் கம்பெனிக்காரர்கள் வெட்டியிருந்த சிறு பள்ளத்தைக் காட்டினான்.

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"வாறுகால் இருக்கு தாத்தா."

"வாறுகால் எம்புட்டு ஆழம்?"

கூட்டம் ஒரு கணம் மௌனமாகி, பிறகு கொல்லென்று சிரித்தது. பூலோகத்தில் அந்தக் காரின் அடியில் ஜாக்கி நுழையக்கூடிய ஒரே இடம் அந்த வாறுகால்தான் என்பது ஐம்பது பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிற்று. எந்தப் பள்ளத்தில் விழுந்தோம் என்று பிரலாபித்துக்கொண்டிருந்தோமோ, அந்தப் பள்ளமே இரண்டடி ஆழத்துக்கு எங்களுக்காக இடம் விட்டுக் காத்திருந்தது. லாரிக்காரரைத் திரும்பக் கூப்பிட ஒரு பையன் ஓடினான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கிட்ட நின்று பார்த்தேன். பெரியவர் முதலில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். கட்டையைக் காலால் தள்ளவில்லை, கையால் வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. கை பிரேக்கை இழுக்கச் சொன்னார். வாறுகாலின் அடியில் சேறு இருந்ததால் ஒரு தடித்த பலகையைப் போட்டு, அதன் மேல் இன்னொன்றைக் குறுக்காகப் போட்டு, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தினார். தகட்டு விளிம்பில் இரும்பு நேராக அழுந்தினால் விளிம்பு நசுங்கி மடங்கிவிடும். ஆகையால் ஒரு மரத்துண்டில் அரிவாளால் காடி வெட்டி, அந்தக் காடிக்குள் விளிம்பு உட்காரும்படி ஜாக்கியின் தலையில் வைத்தார். பாரம் முழுவதும் விளிம்பின் மேல் விழாமல் இருபுறத்துத் தகட்டிலும் பரவி நின்றது. இதை எந்த நிபுணரிடம் கற்றார் என்று கேட்டேன். "கதவு நிலையில தாப்பாளுக்குக் காடி வெட்ட மாட்டாங்களா?" என்றார்.

ஒவ்வோர் அங்குலம் ஏறும்போதும் நிறுத்தச் சொன்னார். சக்கரத்துக்கு அடியில் கல்லும் பலகையுமாகத் திணித்தார். மறுபடி ஓர் அங்குலம். மறுபடி ஒரு பலகை. ஜாக்கி சரிந்தாலும் வண்டி பலகையின் மேல் உட்காருமே தவிர, கீழே போகாது. ஆர்வம் மிகுந்த ஓர் இளைஞன் எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க அடியில் தலையை நீட்டியபோது, பெரியவர் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். "ஜாக்கிய நம்பி அடியில போகாதடா! தேருக்கு அடியில போனவன் யாருக்குக் கத சொல்லியிருக்கான்?" அவருடைய குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

காரை ஊருக்குக் கொண்டுபோக நாங்கள் சொல்லியனுப்பியிருந்த ரெக்கவரி வண்டி ராஜபாளையத்திலிருந்து வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வண்டியோடு வந்தவர் நல்ல மனிதர், அவசரக்காரர். கயிற்றைக் கட்டித் தெருவோடு இழுத்துக்கொண்டே போய்விடலாம், செலவும் குறைவு என்று கூட்டத்தில் சிலர் யோசனை சொன்னபோது, அவரே மறுத்துவிட்டார். என்ஜின் ஓடாத காரில் பிரேக்குக்குத் துணை செய்யும் சக்தி போய்விடும், மிதிக்க மிதிக்கக் கல்லாக இறுகும்; சாவியைத் திறந்து வைக்காவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்; இதோடு பதினான்கு வேகத்தடைகளையும் கயிற்றின் முனையில் கடப்பதென்றால் ராஜபாளையம் போய்ச் சேர்வது கயிறும் சாவியும் மட்டும்தான். ஆகவே மேலே ஏற்றியே கொண்டுபோவது என்று தீர்மானமாயிற்று. அவர் தம் வண்டியின் மேடையைச் சாய்த்துத் தரையில் ஊன்றினார். மேடையின் சரிவைக் கண்டதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது: சக்கரம் சரிவைத் தொடுவதற்கு ஓரடி முன்னாலேயே பம்பரின் உதடு அதில் போய் முட்டும்.

பெரியவர் இம்முறை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "வண்டிய ஒசத்த முடியலன்னா தரைய ஒசத்துங்கப்பா." பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து சாரப் பலகைகள் வந்தன. மேடையின் முனையை நோக்கி முதலில் ஒரு பலகை, அதை அடுத்து இரண்டு, அதை அடுத்து மூன்று என்று படிப்படியாக அடுக்கி, முன் சக்கரங்கள் சரிவை அடையும் முன்பே மூன்று அங்குலம் மேலே ஏறியிருக்கும்படி செய்தார்கள். அப்புறம் வின்ச்சின் கொக்கியை எங்கே மாட்டுவது என்ற கேள்வி. முன் பம்பரில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு சிறு மூடி இருப்பதை ரெக்கவரிக்காரர் காட்டினார். அதை நீக்கினால் மரையுள்ள ஒரு துளை. அந்தத் துளையில் திருகுவதற்கென்று ஓர் இரும்பு வளையம் ஸ்டெப்னிக்கு அடியில் கருவிப் பையில் இருந்தது. இத்தனை வருஷம் அந்த வளையத்தோடு பிரயாணம் செய்தும் மருமான் அதைப் பார்த்ததில்லை. அவன் வலப்புறமாகத் திருகினான், ஏறவில்லை. கால்மணி நேரம் திருகினான். சில கார்களில் இந்த மரை இடப்புறமாகத்தான் ஏறும், இழுக்கும்போது கயிற்றின் முறுக்கில் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள் என்று ரெக்கவரிக்காரர் சொன்னபோது, அவன் முகத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

கியரை நடுநிலையில் போட்டு, கை பிரேக்கை விடுவித்து, கார் நேரே நிற்கும்படி பார்த்துக்கொண்டு, வின்ச்சை மெதுவாகச் சுற்றினார்கள். பம்பருக்கும் சரிவுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி கடைசிவரை இருந்தது. நான் விரலை வைத்தே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தேன். மேலே ஏறியதும் நான்கு டயர்களின் மேல் பட்டைப் பட்டையாக நாடா போட்டு இறுக்கினார்கள். காரின் உடம்பில் எங்கும் கட்டவில்லை. பெரியவருக்கு நான் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அரைக் கிலோ பால்கோவாவை மட்டும், "பேத்திக்கு" என்று வாங்கிக்கொண்டார்.

நானும் மருமானும் ரெக்கவரி வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, என் மனைவி பால்கோவாவோடு ஆட்டோவில் பின்தொடர்ந்தாள். காலையில் எங்களைப் பதினான்கு முறை இறக்கிவிட்ட அதே வேகத்தடைகளை எங்கள் கார் மனிதர்களின் தோள் உயரத்தில் சாய்ந்துகொண்டு, சுவாமி புறப்பாடு மாதிரி கடந்து வந்தது. மடவார்வளாகத்தில் யாரோ ஒரு சிறுவன் கையைத் தூக்கிக் கும்பிட்டான். ஆட்டோ டிரைவர் பிறகு என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: வேகத்தடை வந்தபோதெல்லாம் அம்மா ஏன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தார்கள்?

பொங்கலுக்கு மூன்று நாளும் பட்டறைகள் அடைப்பு. ஆகவே காரை எங்கள் வீட்டு வாசலிலேயே இறக்க வேண்டியதாயிற்று. இங்கே என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். இறக்கிய பிறகு பலகை போட முயல்வது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதையே ஆகுமென்று கண்டு, வண்டி மேடையிலிருந்து பின்னோக்கி இறங்கும்போதே நான்கு சக்கரங்களும் பலகைகளின் மேல் வந்து நிற்கும்படி அடுக்கச் செய்தேன். அதன் பயனாக ஜாக்கி தாராளமாக நுழைந்தது. நான்கு மூலைகளிலும் இரும்பு ஸ்டாண்டுகளை, காடி வெட்டிய மரத்துண்டுகளோடு நிறுத்தி, காரை ஒன்றரை அடி உயரத்தில் நிலைநிறுத்தினோம். "மாமா, நீங்க மெக்கானிக்கா போயிருக்கலாம்" என்றான் மருமான். கணக்கிலும் அதைத்தான் செய்தேன், முதலில் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பேன் என்று பதில் சொன்னேன். அவன் அதை ரசிக்கவில்லை.

அந்த மூன்று நாளும் கழிந்த பிறகு மெக்கானிக் வந்தார். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிக்கொண்டு போய் வெல்டிங் வைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். கோணிப்பையை விரித்து, மல்லாந்து படுத்து, ஸ்பேனரோடு காருக்கடியில் தலையை விட்டவர், விட்ட வேகத்தில் வெளியே வந்தார்.

"ஐயா, நாயக் கூப்பிடுங்க."

வேப்பமரத்தடியை வெறுத்துவிட்டு, பொங்கல் மூன்று நாளும் நாய் அங்கேதான் இருந்திருக்கிறது. எஜமானன் கூப்பிட்டால் வர வேண்டிய ஜாதி, கூப்பிட்டேன். பொன்னிறக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. முன்பு தலை நுழையாத இடம் இப்போது ஒரு மண்டபமாக இருக்கிறதே, இதை விட்டு ஏன் வர வேண்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். மருமான் கூப்பிட்டான், ஓர் உறுமல் பதிலாக வந்தது. என் மனைவி மிச்சமிருந்த பால்கோவாவில் கால் கிலோவைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, வாசலில், கோலத்தின் நடுவே வைத்தாள். நாய் உடம்பைத் தாழ்த்தி, முதுகு எங்கும் இடிக்காமல் வெளியே வந்து, தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பப் போய் அதே இடத்தில் படுத்துக்கொண்டது. மெக்கானிக் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோணிப்பையைச் சுருட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார, என் மனைவி உள்ளே போய் வேறொரு தட்டில் அவருக்குப் பால்கோவா கொண்டுவந்தாள்.